யாரும் இறங்காத தொட்டி

கீழ்த்தளத்து வீட்டுப் பெண் அந்தச் சனிக்கிழமை காலை என் கதவைத் தட்டியபோது காலில் செருப்பு இல்லை. புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருந்தாள். "அக்கா, கொஞ்சம் கீழ வந்து பாருங்க" என்றாள். நான் காப்பியை அப்படியே வைத்துவிட்டு அவள் பின்னால் படியிறங்கினேன். முதல் தளத்தைத் தாண்டும்போதே வாடை வந்துவிட்டது.

அவள் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் போவதற்கான துளை வழியாகக் கறுப்பாக ஏதோ மேலே வந்துகொண்டிருந்தது. பீறிட்டு வரவில்லை. சோற்றுப் பானை பொங்குவதற்கு முன் அசையுமே, அப்படி அசைந்து அசைந்து வந்தது. வாசற்படியில் பழைய புடவைகளையும் போர்வையையும் சுருட்டி அணை போட்டிருந்தாள். அந்தப் பக்கத்து அறையில்தான் பக்கவாதம் வந்து படுத்திருக்கும் அவளுடைய மாமனாரின் கட்டில். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். மூக்கை மூடிக்கொள்ள வந்த கையை நான் பாதியில் இறக்கிவிட்டேன்.

எங்கள் குடியிருப்பு கேளம்பாக்கத்தில், பெரிய சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. நாற்பத்தெட்டு வீடுகள். பாதாளச் சாக்கடை இன்னும் எங்கள் பக்கம் வரவில்லை. எல்லா வீட்டுக் கழிவுநீரும் கார் நிறுத்துமிடத்தின் அடியிலிருக்கும் பெரிய தொட்டிக்கு வரும். தொட்டிக்குள் ஒரு மோட்டார் மூழ்கிக் கிடக்கும். அது கழிவுநீரை மேலே சுத்திகரிக்கும் இடத்துக்குத் தள்ளும். கட்டிக் கொடுத்தவர் சாவிகளை ஒப்படைத்த அன்றோடு தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார். சங்கம் என்று ஒன்று வைத்தோம். தலைவராக ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் வந்தார். செயலாளராக யாரும் வரவில்லை. நாவலூரில் ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதிக்கும் வேலை எனக்கு. பிழை கண்டுபிடிப்பதுதானே உங்கள் வேலை, நீங்களே இருங்கள் என்று கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டேன்.

எங்களுக்கு வாடிக்கையாக வரும் பிளம்பர் பக்கத்து ஊர்க்காரர். அரை மணி நேரத்தில் வந்தார். தொட்டியின் இரும்பு மூடியை நான் பூட்டுத் திறந்து கொடுக்க, அவர் கடப்பாரையால் நெம்பினார். தொட்டி விளிம்பு வரை நிறைந்திருந்தது. நான்கு நாளாக மழை. மழைநீரும் எங்கிருந்தோ உள்ளே இறங்கியிருக்கிறது. அவர் மோட்டார் கட்டியிருந்த சங்கிலியைப் பிடித்து இழுத்தார். கொஞ்ச தூரம் வந்தது. பிறகு சட்டென்று லேசாகிவிட்டது. துருப்பிடித்து அறுந்த முனை மட்டும் அவர் கையில்.

"போச்சு மேடம். மோட்டார் அடில மாட்டிகினு கீது. தண்ணிய மொத்தமா உறிஞ்சணும். அப்பறந்தான் மோட்டார எடுக்க முடியும்."

"உறிஞ்சறதுக்கு லாரி எப்ப வரும்?"

"மழைல எல்லா ஃபிளாட்டும் ரொம்பிகினு கீது. லாரிக்காரன் ராஜா மாரி சுத்தறான். சொல்லிப் பாக்கறேன்."

லாரிக்காரர் நாளைக் காலை வருவதாகச் சொன்னார். நாளை என்றால் ஞாயிறு. கீழ்த்தளத்துப் பெண்ணையும் அவள் மாமனாரையும் இரண்டாம் தளத்திலிருக்கும் என் வீட்டுக்கு வரச் சொன்னேன். என் கணவர் ஓசூரில் வேலை. வார இறுதிக்குத்தான் வருவார். அந்த வாரம் வரவில்லை. நானும் பள்ளியில் படிக்கும் மகளும் மட்டும்தான். ஓர் அறை காலியாகவே இருந்தது. அவள் தயங்கினாள். பெரியவரை லிப்டில் நாற்காலியோடு ஏற்றினோம். அவளுடைய கணவர் கப்பலில் வேலை பார்க்கிறவர், ஊரிலேயே இல்லை. அவளுக்கு மூன்று நாளும் ஒரே வேலைதான். கீழே போவாள், கறுப்புத் தண்ணீரை வாளியில் அள்ளிச் சுற்றுச்சுவர் ஓரம் தோண்டிய குழியில் ஊற்றுவாள், மேலே வந்து குளிக்காமல் உட்காருவாள். குளிக்கத் தண்ணீர் விட்டால் அது மறுபடி கீழேதான் போகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மற்ற நாற்பத்தேழு வீடுகளில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருந்தது என்று எனக்குத் தெரியாது.

ஞாயிறு லாரி வரவில்லை. லாரிக்காரர் காலையில் "வந்துகினே கீறேன்" என்றார். மதியமும் அதையே சொன்னார். மூன்று மணிக்குத் தொலைபேசியை அணைத்துவிட்டார்.

எனக்கு முதலில் வந்தது அழுகைதான். பிறகு ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். லாரி என் கையில் இல்லை. தண்ணீர் என் கையில் இருக்கிறது. மொட்டைமாடித் தொட்டியின் வால்வை மூடினால் ஒரு வீட்டிலும் குழாய் வராது. காலை அரை மணி நேரம், சாயங்காலம் அரை மணி நேரம் மட்டும் திறப்பது என்று எழுதினேன். துணி துவைக்கக் கூடாது. பாத்திரம் கழுவிய தண்ணீரை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்ற வேண்டும். தெருக்கோடியில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. அதன் மேலாளரிடம் போய்ப் பேசினேன். அந்த வாரம் முகூர்த்தம் இல்லை என்பதால் கழிப்பறைகளைத் திறந்துவிடச் சம்மதித்தார். எல்லாவற்றையும் வாட்ஸப் குழுவில் போட்டேன். பதினைந்து கட்டைவிரல்கள் வந்தன. ஒருவர், எங்கள் வீட்டில் நாற்றமே இல்லையே, உண்மையிலேயே இது அவசியமா என்று கேட்டிருந்தார்.

அன்று சாயங்காலம் வால்வை மூடி ஒரு மணி நேரம் கழித்து நானும் அவளும் கீழே போனோம். குளியலறைத் தரையில் புதிதாகத் தண்ணீர் ஏறியிருந்தது. இந்த முறை நுரையோடு. கறுப்பின் மேல் வெள்ளை வெள்ளையாக நுரை மிதந்தது. மலவாடையோடு மல்லிகை வாசனை கலந்து வந்தது. சோப்புத்தூள் விளம்பரத்தில் வருமே, அந்த மல்லிகை. வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு அருவருப்பான வாசனையை நான் முகர்ந்ததில்லை.

ஒவ்வொரு மாடியாக ஏறினேன். நான்காம் தளத்தில் ஒரு கதவுக்குப் பின்னால் இயந்திரம் சுற்றும் சத்தம். மணியடித்தேன். நாவலூரில் என் அலுவலகத்துக்கு எதிர்க் கட்டிடத்தில் வேலை பார்க்கும் இளைஞன் கதவைத் திறந்தான். வால்வு திறந்திருந்த அரை மணி நேரத்தில் இரண்டு பெரிய டிரம் நிறையத் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறான்.

"நாளைக்கு ஆபீஸ் இருக்கே மேடம். சட்டை இல்ல. ஒரே ஒரு லோடுதான்."

திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். திட்டவில்லை. "தம்பி, ஒரு நிமிஷம் கீழ வரியா" என்றேன். அரைக்கால் சட்டையோடு வந்தான். குளியலறை வாசலில் நிறுத்தி, "உன் லோடு அங்க இருக்கு, பாரு" என்றேன். பார்த்தான். திரும்பி வெளியே ஓடிப்போய்ச் சுவரோரம் வாந்தியெடுத்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே போய் இயந்திரத்தை நிறுத்தினான். ஈரத் துணிகளைப் பையில் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனதாகப் பிறகு சொன்னான்.

அது எனக்கு ஒரு வழியைக் காட்டியது. அன்றைக்கே வீட்டுக்கு ஒருவரைக் கீழே அழைத்துப்போய்க் காட்டினேன். சிலர் வர மறுத்தார்கள். ஒரு அம்மாள் பூஜை செய்துவிட்டேன், இப்போது வர முடியாது என்றார். வந்தவர்கள் மூக்கில் துணியை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் மறுநாள் காலையில் தண்ணீர் பாதியளவுதான் செலவானது.

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு விடுப்புச் சொன்னேன். காரணம் கேட்டார்கள். வீட்டில் தண்ணீர்ப் பிரச்சினை என்று மட்டும் சொன்னேன். பத்து மணி இருக்கும். தலைவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "மேடம், கார் பார்க்கிங் வாங்க, ஏற்பாடு பண்ணிட்டேன்" என்றார். லாரிதான் வந்துவிட்டது என்று ஓடினேன். லாரி இல்லை. மூடியின் பக்கத்தில் இரண்டு ஆட்கள் நின்றிருந்தார்கள். ஒருவருக்கு என் வயதிருக்கும், நாற்பதைத் தாண்டியவர். இன்னொருவர் அவருடைய மச்சான். ஒரு கயிறு, இரண்டு வாளி, ஒரு குவார்ட்டர் பாட்டில். கையுறைகூட இல்லை.

"லாரிய நம்பினா இன்னும் ஒரு வாரம் ஆகும்" என்றார் தலைவர். "இவங்க வாளியால பாதி அள்ளிடுவாங்க. அப்பறம் ஒருத்தர் இறங்கி மோட்டார்ல கயிறு கட்டிட்டா இழுத்துடலாம். மூடியைத் தொறங்க."

"ஆள் இறங்கக் கூடாது சார். சட்டப்படி குத்தம்."

"சட்டம் எனக்கும் தெரியும் மேடம். அஞ்சு நிமிஷ வேலை. யார் வந்து பாக்கப் போறா?"

இங்கே நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டு இரவாக நான் தூங்கவில்லை. என் வீட்டு அறையில் ஒரு நோயாளி படுத்திருந்தார். என் தலைமுடியில்கூட அந்த நாற்றம் ஏறிவிட்டது போலிருந்தது. நான் அந்த நாற்பது வயதுக்காரரிடம் திரும்பி, "உண்மையிலேயே அஞ்சு நிமிஷந்தான் ஆகுமா?" என்று கேட்டேன். கேட்டேன்தான். அவர் குவார்ட்டர் பாட்டிலைக் காட்டிச் சாதாரணமாக, "கட்டிங் போட்டுகினா தெரியாது மேடம். மூச்சப் புட்ச்சிகினு எறங்கி ஏறிட வேண்டியதுதான்" என்றார்.

அப்போது தலைவர், "அவங்களுக்கெல்லாம் இது பழக்கந்தானே மேடம்" என்றார்.

எனக்குச் சொந்த ஊர் படாளத்துப் பக்கம். எங்கள் அப்பா வழியில் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். ஊருக்குள் மாடு செத்தாலும் வாய்க்கால் அடைத்தாலும் எங்கள் தெரு முனையில் நின்று குரல் கொடுப்பார்கள். தெருவுக்குள் வர மாட்டார்கள். அப்பா படித்துப் பேருந்தில் நடத்துநராகி, செங்கல்பட்டுக்கு எங்களைக் கூட்டிவந்தார். அந்தக் குரல்களைப் பற்றி அவர் எங்களிடம் பேசியதே இல்லை. அம்மாதான் எப்போதாவது சொல்வாள். நான் யார் வீட்டுப் பெண் என்பது தலைவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வார்த்தையை வேறு மாதிரிச் சொல்லியிருப்பார். அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு நிமிடத்துக்கு முன் நானே "அஞ்சு நிமிஷந்தானா" என்று கேட்ட குரலும் தெரு முனையில் நின்று கூப்பிட்ட குரலும் ஒன்றுதான் என்று தோன்றியபோது எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது. தொட்டியின் நாற்றம் பரவாயில்லை. குளித்தால் போய்விடும்.

"அவங்கன்னா யாரு சார்?" என்றேன்.

மூடியின் சாவி என் கைப்பையில் இருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். "சாவி தர மாட்டேன். உடைச்சீங்கன்னா போலீசுக்குப் போவேன்" என்றேன். அதற்குள் மாடிகளிலிருந்து நாலைந்து பேர் இறங்கி வந்திருந்தார்கள். ஒருவர், இந்த அம்மாவின் கொள்கைக்கு நாம் எத்தனை நாள் நாற வேண்டும் என்று பக்கத்திலிருப்பவரிடம் கேட்டார். எனக்குக் கேட்கும்படியாகத்தான் கேட்டார்.

அந்த நாற்பது வயதுக்காரர் எனக்கு நன்றி சொல்வார் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவருக்குக் கோபம். "காலைல வேற எடத்துக்குக் கூப்டாங்க, வுட்டுட்டு வந்தேன். இன்னா மேடம் நீங்க, பேஜார் பண்றீங்க" என்றார். நியாயமான கோபம். "உங்க இன்னிக்குக் கூலிய நான் குடுக்கறேன். நாளைக்கு வாங்க. எறங்க வேணாம். மேல நின்னுகினே செய்ற வேலை கீது" என்றேன். என் வாயில் படாளத்துப் பேச்சு வந்துவிட்டதை அவரும் கவனித்தார், தலைவரும் கவனித்தார். நாற்பது வயதுக்காரர் நம்பாமல் என்னைப் பார்த்துவிட்டு மச்சானோடு போனார்.

இனி தொலைபேசியை நம்பிப் பயனில்லை. லாரி மாமல்லபுரம் பக்கம் கடற்கரை விடுதிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பிளம்பர் விசாரித்துச் சொன்னார். ஸ்கூட்டரை எடுத்தேன். கோவளம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கடல் சேற்று நிறத்தில் இருந்தது. மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் ஒரு விடுதியின் பின்வாசலில் அந்த மஞ்சள் லாரியைக் கண்டுபிடித்தேன். ஓட்டுநர் எதிரிலிருந்த கடையில் தார்ப்பாய்க்கு அடியில் நின்று போண்டா தின்றுகொண்டிருந்தார். ஐந்து நிமிடத்துக்கு முன் வழியில் நிறுத்தி நான் கூப்பிட்டபோது, கேளம்பாக்கம் சிக்னல் தாண்டிவிட்டேன் என்று சொன்னவர்.

"வந்துகினே கீறேன்னீங்க?"

அவர் வெட்கப்படவில்லை. "இன்னா மேடம் பண்றது. ரிசார்ட்டுல பார்ட்டி. வுட மாட்றான்."

"இந்த லோடு முடிஞ்சதும் எங்க எடம். நான் இங்கியே நிக்கறேன்."

"மழைல நிப்பீங்களா?"

நின்றேன். இரண்டரை மணி நேரம். விடுதியின் முன்பக்கம் புல்தரை, விளக்குகள், ஈரக் குடையோடு வரவேற்கும் பெண்கள். பின்பக்கம் இந்தக் குழாய். பார்ட்டிக்கு வந்தவர்கள் எல்லோருடையதும் அந்தக் குழாய் வழியாக லாரிக்குள் ஏறிக்கொண்டிருந்தது. போண்டாக் கடைக்காரர் எனக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கொடுத்தார். சாப்பிட ஏதாவது வேண்டுமா என்றார். வேண்டாம் என்றேன். இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

லாரி எங்கள் வாசலுக்கு வந்தபோது மணி மூன்று. முதல் லோடு உறிஞ்சி முடிந்ததும், எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்று கேட்டேன். ஓட்டுநர் சிரித்தார். "இதுவரைக்கும் ஒருத்தர்கூட இதக் கேட்டது கெடயாது மேடம்" என்றார்.

"எங்க?"

"பாலத்தாண்ட கால்வாய்ல வுட்டா அரை மணில திரும்பி வந்துருவேன். இன்னிக்கே மூணு லோடும் முட்ச்சிடலாம். சுத்திகரிக்கற எடத்துக்குப் போனா கியூ. அஞ்சு மணிக்கு கேட்டை மூடிடுவான். மீதி நாளைக்குத்தான்."

அந்தக் கால்வாய்த் தண்ணீர் கழிமுகத்துக்குப் போகும். கழிமுகத்தில் இறால் பிடிக்கிறவர்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நிற்பார்கள். காலையில் ஸ்கூட்டரில் போனபோது பார்த்தேன். மழையிலும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு ஆளைத் தொட்டிக்குள் இறக்க மாட்டேன் என்று காலையில் சண்டை போட்டுவிட்டு, சாயங்காலம் அந்தத் தொட்டியையே எடுத்துப்போய் இருபது பேர் மேல் ஊற்றுவதா?

கீழ்த்தளத்துப் பெண் என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். "அக்கா, எங்கியாவது கொட்டட்டும். எனக்கு இன்னிக்கே நிக்கணும். என்னால முடியல" என்றாள். அவள் கைகள் சோப்பில் ஊறிச் சுருங்கி வெளுத்திருந்தன. மற்றவர்கள் சொல்லியிருந்தால் எளிதாக எதிர்த்திருப்பேன். அவள் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. மூன்று நாளாக அள்ளியவள் அவள் ஒருத்திதான்.

"இன்னும் ஒரு நாள் எங்க வீட்ல இருங்க. இன்னிக்கு நான் அள்ளறேன்" என்றேன்.

அவள் மேலே போய்விட்டாள். லாரி சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போகிறதா என்று பார்க்கப் பின்னாலேயே ஸ்கூட்டரில் போனேன். வாசலில் சீட்டு வாங்கி லாரி உள்ளே போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஒரு லோடு போனதில் தொட்டி கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆனாலும் அவள் குளியலறையில் முழுதாக வடியவில்லை. சொன்னபடி அன்று நான்தான் அள்ளினேன். பத்தாவது வாளியில் அருவருப்பு போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. கடைசி வாளி வரைக்கும் அப்படியே இருந்தது. ஆனால் அருவருப்போடும் வேலை செய்ய முடியும் என்று தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை லாரி எட்டு மணிக்கே வந்துவிட்டது. இன்னும் இரண்டு லோடு எடுத்தது. தொட்டியின் அடியில் முழங்கால் அளவு சேறு மட்டும் மிச்சம். மோட்டார் அதில் பாதி புதைந்திருந்தது. பிளம்பர் முந்தின நாளே நீளமான இரும்புக் குழாய் ஒன்றின் முனையை வளைத்துக் கொக்கி செய்து வைத்திருந்தார். கைப்பேசியைக் கண்ணாடிப் புட்டியில் போட்டுக் கயிற்றில் கட்டி, விளக்கை எரியவிட்டு உள்ளே இறக்கினோம். அதன் படம் என் மடிக்கணினியில் தெரிந்தது. நான் திரையைப் பார்த்து இடது, வலது என்று சொல்ல, அவர் கொக்கியை நகர்த்தினார். ஒரு மணி நேரம் முயன்றும் மாட்டவில்லை. மோட்டாரின் கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறதென்றே தெரியவில்லை. எல்லாம் ஒரே கறுப்பு.

மதியம் பன்னிரண்டரைக்கு அந்த நாற்பது வயதுக்காரர் தனியாக வந்தார். மச்சான் வரவில்லை. சற்று நேரம் தள்ளி நின்று பார்த்தார். பிறகு திரையின் அருகே வந்து குனிந்தார்.

"இன்னா இது, இந்தப் பக்கம் தேடிகினு கீறீங்க? கைப்புடி செவுத்தப் பாத்து இருக்கும். மோட்டார் பைப்பு எந்தப் பக்கம் போவுதோ அதுக்கு எதிர்ப்பக்கம்."

"எப்டி அண்ணாத்த சொல்ற?" என்றார் பிளம்பர்.

"எத்தினி தொட்டில தடவிப் பாத்துகீறேன்."

கொக்கியை அவர் வாங்கிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு செய்தார். நான் சொன்ன இடது வலதையெல்லாம் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உள்ளே தன் கை இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் செய்தார் என்று எனக்குத் தோன்றியது. இருபது நிமிடம் ஆகியிருக்காது. "மாட்டிகிச்சு, இழு" என்றார். பிளம்பரும் காவலாளியும் நான்காம் தளத்து இளைஞனும் கயிற்றைப் பிடித்தார்கள். மோட்டார் சேற்றிலிருந்து சப்பென்ற சத்தத்தோடு கிளம்பி மேலே வந்தது.

அதன் வாயில் சுற்றியிருந்ததைத் தரையில் பரப்பினோம். மாதவிடாய் நாப்கின்கள், குழந்தையைத் துடைக்கும் ஈரத்தாள்கள், ஒரு பனியனின் பாதி, தலைமுடி, சாம்பார்ப் பொடி வந்த பிளாஸ்டிக் உறை, குழந்தையின் ஒரு காலுறை. எல்லாம் கயிறு போல் முறுக்கிக் கிடந்தன. ஒரு வீட்டுக் குப்பை இல்லை, நாற்பத்தெட்டு வீட்டுக் குப்பை. அவற்றில் என் வீட்டுடையதும் இருந்திருக்கலாம். என் மகளிடம் அன்று சாயங்காலம் கேட்டேன். சில நாள் அவசரத்தில் போட்டிருக்கிறேன் என்றாள். அவளைத் திட்டினேன். பிறகு, இந்த வயது வரை நானும் இதை அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லையே என்று நிறுத்திக்கொண்டேன்.

அந்தக் குவியலைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. பிறகு ஒருவர், சாப்பிடும் நேரம், தயவுசெய்து இந்தப் படத்தை நீக்குங்கள் என்று எழுதினார். அதற்கு முப்பத்தோரு கட்டைவிரல்கள். லாரி வராத நாளில் என் பட்டியலுக்கு வந்ததைப் போல இரண்டு மடங்கு. நான் நீக்கவில்லை.

மோட்டாரைப் பழுது பார்த்து, இரும்புச் சங்கிலிக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகுச் சங்கிலி போட்டு இறக்கினோம். ஒன்றுக்கு இரண்டாக மாட்டினோம். குழாய் தொட்டிக்குள் வரும் இடத்தில் ஒரு கம்பிக் கூடை வைத்தோம். குப்பை அதில் தங்கும், மேலிருந்தே தூக்கிக் கொட்டலாம். மாதத்துக்கு ஒரு முறை லாரி, அதுவும் சுத்திகரிப்பு நிலையத்தின் சீட்டைக் காட்டினால்தான் பணம் என்று கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். தீர்மானத்தில் நான் ஒரு வரி சேர்த்தேன், எந்தக் காரணத்துக்காகவும் ஆள் இறங்கக் கூடாது என்று. தலைவர் எல்லோருக்கும் முன்னால் கையெழுத்துப் போட்டார். இன்றும் லிப்டில் பார்த்தால் வணக்கம் சொல்கிறார். முன்பு என் மகளின் படிப்பைப் பற்றி விசாரிப்பார். இப்போது விசாரிப்பதில்லை.

கீழ்த்தளத்துப் பெண் வீடு முழுக்கப் பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டு மாமனாரோடு இறங்கிப் போனாள். இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஒரு நாள் கொழுக்கட்டை செய்து கொண்டுவந்து வைத்தாள். மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்துவிட்டு நாவலூரில் ஒரு அடுக்ககத்துக்குப் போனாள். "எட்டாவது மாடியாப் பாத்து எடுத்திருக்கேன்கா" என்றாள். அங்கேயும் கீழ்த்தளம் இருக்கும். அவளும் அதை நினைத்திருப்பாள் போலிருக்கிறது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த நாற்பது வயதுக்காரருக்கு அன்று இரண்டு நாள் கூலியும் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவருடைய எண்ணை வாங்கி வைத்தேன். கம்பிக் கூடையைச் சுத்தம் செய்ய மாதம் ஒரு முறை அவர்தான் வருகிறார். கையுறை, பூட்ஸ், முகமூடி எல்லாம் வாங்கி வைத்திருக்கிறோம். பூட்ஸ் கடிக்கிறது என்று அதை மட்டும் போட மாட்டார்.

போன மழைக்காலத்தில் அவர் வேலையை முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது, வெகுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"இப்பவும் வேற எடத்துல எறங்கறீங்களா?"

குழாயை மூடினார். கையை உதறினார்.

"நீங்க எறங்க வேணாங்கறீங்க. எறங்குங்கறவனும் கீறான். கூப்ட்டா போவேன் மேடம். வூட்ல நாலு பேர் கீறாங்க."

அடுத்த மாதம் எந்தத் தேதியில் வரட்டும் என்று கேட்டார். சொன்னேன். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.